ஆறு கம்பி, 120 இடம்

களக்காடு சத்தியவாகீசுவரர் கோயிலிலும், திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்திலும் இசைத்தூண்கள் உண்டு. நெல்லையப்பர் கோயிலில் ஒரு பெரிய தூணைச் சுற்றிப் பல சிறு தூண்கள். அத்தனையும் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் கொடுக்கும். காசை வைத்தும் சாவியை வைத்தும் தட்டித் தட்டியே தேய்த்துவிட்டார்கள் என்பது தனி வருத்தம்.

கல் எப்படிப் பாடுகிறது? கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் ஹம்பி விட்டலர் கோயில் இசைத்தூண்களை ஆராய்ந்து 2008இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளே குடைந்திருப்பார்கள் என்ற பழைய பேச்சுக்கு அங்கே ஆதாரம் இல்லை. தூண் கெட்டிக் கல்தான். மேலும் கீழும் பிடிபட்டிருக்கும் அந்தக் கல் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது, அதுதான் ஒலி. இப்படி வளைந்து அதிரும் பொருளுக்கு ஒரு கணக்கு உண்டு. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதிர்வெண் கால்வாசியாகும். கம்பி அப்படியில்லை. அதே விறைப்பில் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பாதிதான் குறையும், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும். அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்களும் வேறு வேறு. கம்பியில் அவை 1, 2, 3, 4 என்று முழு எண் வரிசையில் எழும். இருமுனையும் பிடிபட்ட தண்டிலோ 1, 2.76, 5.40 என்று ஒழுங்கில்லாமல் எழும். தூணின் நாதத்தில் மணியோசையின் சாயல் இருப்பது இதனால்தான்.

வாசிப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் தூணில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு தூணுக்கு ஒரு சுரம், ஒரு சுரத்துக்கு ஓர் இடம். எது எங்கே என்று தெரிந்துவிட்டால் போதும். வீணையில் இடம் கோடாக மாறுகிறது. 24 மெட்டுகள், ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிகள். வாசிப்பில் பெரும்பகுதி சாரணிக் கம்பியின் நெடுக்கிலேயே நடக்கும். கை பிரிட்ஜ் பக்கம் போகப் போகச் சுரம் ஏறும். தூரமே சுரம்.

கிட்டாரில் இந்தக் கோடு பரப்பாகிவிடுகிறது. 19 ஃப்ரெட், அதாவது மெட்டு, உள்ள கிளாசிக்கல் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். திறந்த கம்பியையும் சேர்த்தால் ஒரு கம்பிக்கு 20 இடம், ஆறு கம்பிக்கு 120 இடம். ஆனால் அடிச்சுரத்திலிருந்து உச்சிச்சுரம் வரை எண்ணினால் வேறுபட்ட சுரங்கள் 44தான் தேறும். பியானோவில் 88 கட்டைக்கு 88 சுரம். இங்கே 44 சுரம் 120 வீடுகளில் குடியிருக்கிறது. முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வருகிற சுரம் இரண்டாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பியின் ஒன்பதிலும், நான்காம் கம்பியின் பதினான்கிலும், ஐந்தாம் கம்பியின் பத்தொன்பதிலும் இருக்கிறது. ஒரே சுரம், ஐந்து விலாசம்.

கிட்டார் கற்கும் பிள்ளைகள் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்ளேயே வருடக் கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதற்கும், நெக் முழுக்க ஸ்கேல் வாசி என்றவுடன் தடுமாறுவதற்கும் இந்த ஐந்து விலாசம்தான் காரணம். சோம்பேறித்தனம் என்று அதைத் திட்டுகிற வாத்தியார்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

முதலில் ஃப்ரெட்டுகளின் கணக்கைப் பார்க்கலாம். ஒரு ஸ்தாயியில் 12 சம படிகள். 12 முறை பெருக்கினால் 2 வரவேண்டிய எண் 1.05946. ஃப்ரெட் அடிப்பவருக்கு இது 17.817 என்ற எண்ணாகக் கைக்கு வருகிறது. மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்து, அவ்வளவு தூரத்தில் அடுத்த ஃப்ரெட்டைப் பதிக்க வேண்டும். 1581இல் வின்சென்சோ கலிலேய் 18ஆல் வகுத்தால் போதும் என்று எழுதினார். தொலைநோக்கி கலிலியோவின் அப்பாதான் அவர். அந்தக் கணக்கில் 650 மி.மீ. கம்பியில் 12ஆம் ஃப்ரெட் நடுமையத்துக்கு 2 மி.மீ.க்குச் சற்று மேல் முன்னதாகவே விழுந்துவிடும். கம்பியை அழுத்தும்போது விறைப்பு கூடிச் சுரம் கொஞ்சம் ஏறுவதால், அந்தப் பிசகு நடைமுறையில் ஓரளவு சரிக்கட்டப்பட்டுவிட்டது.

650 மி.மீ. கம்பியில், கம்பி தொடங்கும் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 36.5 மி.மீ. தள்ளி இருக்கும். 12க்கும் 13க்கும் இடையே 18.2 மி.மீ.தான். வீணையிலும் இப்படித்தான் மேலே போகப் போக மெட்டு நெருங்கும். ஆனால் வீணை மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுகின்றன. மேளம் கட்டுபவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை நகர்த்தி வைப்பார். வருடங்கள் ஓடி மெழுகு தளர்ந்தால் மறுபடி கட்டவேண்டும். 24 மெட்டுகளை நிலையாக வைத்த வீணையைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கிட்டாரில் ஃப்ரெட்டுகளை மரத்தில் அடித்து இறக்கிவிடுகிறார்கள். பிறகு காதுக்கு அங்கே வேலையில்லை.

அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலகெங்கும் கிட்டார் ஃப்ரெட் போர்டுக்கு விரும்பி எடுக்கும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். பிரேசில் நாட்டுத் தோதகத்தி அருகிப்போய் 1992இல் பன்னாட்டு வணிகத்துக்குத் தடையான பிறகு, இந்திய ஈட்டிக்குக் கிராக்கி இன்னும் கூடியது. 2017இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். நியூயார்க்கில் ஒருவர் வாசிக்கும் ஸ்கேல் நம் மலைமரத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இனிக் கம்பிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பது. தடித்த ஆறாம் கம்பியிலிருந்து ஏறினால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஐந்து ஃப்ரெட் உயரம். கர்நாடகக் கணக்கில் சட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமம். ஆனால் மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் நடுவில் மட்டும் நாலு ஃப்ரெட், அதாவது அந்தர காந்தாரம். எல்லாமே ஐந்தாக இருந்தால் ஸ்கேல் வாசிக்க ஒழுங்காக இருக்கும். ஆனால் முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் ஒத்துப்போகாது, ஒரே விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே வைத்துக் கார்டு பிடிப்பது கஷ்டமாகிவிடும். கார்டுக்காக ஸ்கேலை ஓர் இடத்தில் கோணலாக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நியாயமான பேரம்தான்.

இதை ஒரு ராகத்தில் வைத்துப் பார்த்தால் கைக்கே புரியும். தாமிரபரணிக் கரை ஹரிகேசநல்லூரில் பிறந்த முத்தையா பாகவதர் (1877–1945) உருவாக்கியதாகச் சொல்லப்படும் மோகனகல்யாணி இதற்குக் கச்சிதம். ஏறும்போது மோகனம்: ஸ ரி க ப த ஸ. இறங்கும்போது கல்யாணி: ஸ நி த ப ம க ரி ஸ. ஏற்றத்தில் ஐந்து சுரம், இறக்கத்தில் ஏழு.

ஒரு கட்டை சுருதி வைத்துக்கொள்வோம். ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஸ. இடது கையின் ஆட்காட்டி விரல் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும், நடுவிரல் மூன்றுக்கும், மோதிர விரல் நாலுக்கும், சுண்டுவிரல் ஐந்துக்கும் பொறுப்பு. கை நகரவே கூடாது. ஏறுங்கள். ஐந்தாம் கம்பியில் 3, 5. நான்காம் கம்பியில் 2, 5. மூன்றாம் கம்பியில் 2, 5. மோகனம் முடிந்தது. நடுவிரல் ஒரே ஒரு தடவை, மற்றதெல்லாம் ஆட்காட்டியும் சுண்டுவிரலும். மோதிர விரலுக்கு வேலையே இல்லை. இப்போது இறங்குங்கள். மூன்றாம் கம்பியில் 5, 4, 2. நான்காம் கம்பியில் 5, 4, 2. ஐந்தாம் கம்பியில் 5, 3. கல்யாணி புதிதாகக் கொண்டுவரும் காகலி நிஷாதமும் பிரதி மத்தியமமும் இரண்டும் மோதிர விரல் தலையிலேயே விழுகின்றன.

ஐந்து விரலில் சுதந்திரம் மிகக் குறைந்தது அந்த விரல்தான். சந்தேகமிருந்தால் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். வராது. ஆட்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நீட்டுவதற்கென்று தனித்தனித் தசை உண்டு. மோதிர விரலுக்கு அப்படி எதுவும் இல்லை. அதோடு புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்கிழைகளால் கட்டுண்டு கிடக்கிறது. எந்தப் பயிற்சியும் அந்தக் கட்டை அறுக்காது. அந்தக் கட்டுக்குள்ளேயே தேவைக்கு மேல் விறைக்காமல் இருக்க விரல் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் காலத்திலிருந்து விரலைக் கருவியில் மாட்டிப் பழக்கப் பார்த்தவர்கள் பலர். ஷூமானின் வலது கை கெட்டு, மேடையில் பியானோ வாசிக்கும் கனவே நின்றுபோனது.

இதே மோகனகல்யாணியை ஆறாம் கம்பி எட்டாம் ஃப்ரெட்டில் தொடங்கலாம். சுருதி அதே சுருதி. 8, 10, 7, 10, 7, 10. உருவமும் அதே உருவம், ஏனென்றால் ஆறு, ஐந்து, நாலு கம்பிகளுக்கிடையே தூரம் ஐந்தைந்து ஃப்ரெட். ஆனால் கை அதே கை இல்லை. கீழே இரண்டிலிருந்து ஐந்து வரை 92 மி.மீ. விரிந்த விரல்கள் இங்கே ஏழிலிருந்து பத்து வரை 69 மி.மீ.க்குச் சுருங்க வேண்டும். காகிதத்தில் ஒரே படம். தசைக்கு வேறு உத்தரவு. ஒலியும் வேறு. முன்னே 547 மி.மீ. நீளத்தில் அதிர்ந்த சுரம் இப்போது தடித்த கம்பியில் 410 மி.மீ.தான் அதிர்கிறது. தடிமன் கூடி நீளம் குறைந்தால் கம்பியிலும் கொஞ்சம் தண்டின் குணம் வந்துவிடும். மேல்சுரங்கள் முழு எண் வரிசையிலிருந்து லேசாக மேலே விலகும். சுரம் கனத்து, கொஞ்சம் மந்தமாகக் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு. எந்த விலாசத்தில் வாசிப்பது என்பது ருசியைப் பொறுத்த விஷயமும்கூட.

மூன்றாவதாக நான்காம் கம்பி பத்தாம் ஃப்ரெட்டுக்குப் போவோம். ஒரு ஸ்தாயி மேலே. 10, 12, 9, 12 வரை பழைய உருவம். அடுத்து இரண்டாம் கம்பிக்குத் தாண்டுகிறோம், அந்தக் கோணல் இடம். 9, 12 என்று விரல் தானாகப் போகும். தப்பு. 10, 13. ஒரு ஃப்ரெட் தள்ளிப்போகிறது. இதே சுரங்களை மூன்றாம் கம்பி ஐந்தில் தொடங்கினால் 5, 7, 5, 8, 5, 8 என்று கோணல் முதல் தாண்டலிலேயே வந்துவிடும். நெக் முழுக்க வாசிப்பதில் உள்ள சிரமத்தில் பாதி இந்த ஒற்றை ஃப்ரெட்தான்.

இப்போது மூளைக்கு வருவோம். 1995இல் தாமஸ் எல்பெர்ட் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்பி வாத்தியக்காரர்கள் ஒன்பது பேர்: ஆறு செல்லோ, இரண்டு வயலின், ஒரு கிட்டார். இடது கை விரல்களைத் தொட்டபோது மூளைப் புறணியில் எழுந்த பதில், வாத்தியம் வாசிக்காதவர்களைவிடப் பெரிதாக இருந்தது. கட்டைவிரலில் அந்த வித்தியாசம் குறைவு; அது நெக்கின் பின்புறம் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதுதானே. சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு விளைவு கூடுதல். விரல் பழகுகிறது என்று நாம் சொல்வது உண்மையில் மூளையில் இடம் ஒதுக்கும் வேலை.

எந்த மாதிரிப் பயிற்சி அந்த இடத்தை நன்றாக ஒதுக்குகிறது? இங்கேதான் வழக்கமான சாதகத்தோடு எனக்குச் சண்டை. ஒரே ஸ்கேலை, ஒரே உருவத்தில், ஐம்பது தடவை ஏற்றி இறக்கு என்பார்கள். ஐம்பதாவது தடவை தேன் மாதிரி ஓடும். மறுநாள் காலையில் பாதியைக் காணோம். 1979இல் ஜான் ஷியா, ராபின் மார்கன் இருவரும் செய்த பரிசோதனை இதற்குப் பதில் சொல்கிறது. மூன்று கையசைவுகள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலைத்துக் கலைத்துச் செய்தது. பயிற்சியின்போது முதல் குழு வேகம். 10 நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது கலைத்துப் பழகிய குழுவே முன்னே நின்றது. ஒவ்வொரு தடவையும் அசைவை மனசிலிருந்து புதிதாக எடுக்க வேண்டிய கட்டாயம்தான் அதற்குக் காரணம் என்பது ஏற்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. பயிற்சியில் சுகமாக இருப்பதும், பிறகு கையில் நிற்பதும் ஒன்றல்ல.

உறக்கத்தின் பங்கும் இதில் உண்டு. 2002இல் மாத்யூ வாக்கர் குழுவினர் ஆட்களுக்கு இடது கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையைத் தட்டப் பழக்கினார்கள். எந்தக் கிட்டார் வகுப்புச் சுவரிலும் ஒட்டிவைக்கலாம் போன்ற வரிசை! ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள் மேற்கொண்டு பழகாமலேயே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள், தவறும் கூடவில்லை. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. பரீட்சைக்கு முந்தைய இரவு கண் விழித்து ஸ்கேல் ஓட்டுவது நஷ்டக் கணக்கு.

உருவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவரின் நிலை, நாங்குநேரிக்குப் பஸ்ஸில் மட்டுமே போய்வந்தவரைப் போன்றது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் தெரியும். நடுவில் இறக்கிவிட்டால் எந்தத் தெரு என்று தெரியாது. ‘த’விலிருந்து தொடங்கு என்றால் அவர் மனசுக்குள் ‘ஸ’விலிருந்து ஓடிவந்துதான் அங்கே சேர்வார்.

ஆர்பெஜியோ இந்த இடத்தில்தான் உதவுகிறது. கார்டின் சுரங்களை ஒரே நேரத்தில் மீட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பதே ஆர்பெஜியோ: ஸ க ப ஸ. மேற்படி முதல் இடத்தில் ஐந்தாம் கம்பி 3, நான்காம் கம்பி 2, 5, மூன்றாம் கம்பி 5. நாலே சுரம். ஆனால் இந்த நாலும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மிச்சத்தை நடுவில் பொருத்திக்கொள்ளலாம். ஸவுக்கும் கவுக்கும் நடுவில் ரி. கவுக்கும் பவுக்கும் நடுவில் ம. அடுத்து ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொண்டே போங்கள்: ரி ம த, க ப நி, ம த ஸ, ப நி ரி. கல்யாணியின் ஏழு சுரத்துக்கு ஏழு ஆர்பெஜியோ. நெக்கில் எங்கே கை விழுந்தாலும் ஏதோ ஒரு மூன்று சுரக் கூட்டம் அருகிலேயே கிடைக்கும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. சரளி, ஜண்டை, மேல்ஸ்தாயி, தாட்டு, அலங்காரம் என்று புரந்தரதாசர் பேரால் வழங்கும் வரிசைகளில் தாட்டு வரிசை இதற்குத்தான். சுரத்தைத் தாண்டித் தாண்டிப் போக வைக்கும். சரளியில் அடுத்து என்ன என்பது பழக்கத்தில் வரும். தாட்டில் ஒவ்வொரு சுரத்தையும் யோசித்து எடுக்க வேண்டும். சங்கீத ஆசிரியர்கள் ஆய்வகம் இல்லாமலே கண்டுபிடித்த கலைப்புப் பயிற்சி அது. கூடுதலாக ஒன்றும் செய்தார்கள்: வாயால் சுரத்தைச் சொல்ல வைத்தார்கள். மூன்றாம் ஃப்ரெட், ஐந்தாம் ஃப்ரெட் என்று எண்ணிப் பழகியவர் இடம் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும். ரி, க என்று சொல்லிப் பழகியவருக்கு இடம் மாறினாலும் பெயர் மாறுவதில்லை.

ஸ க ப ஏன் இவ்வளவு இசைவாகக் கேட்கிறது? கம்பிக்குள்ளேயே அது இருக்கிறது. மேல்சுர வரிசையில் நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றும் ஸ க ப. தம்புராவில் யாரும் மீட்டாமல் கேட்கும் காந்தாரம் அந்த ஐந்தாம் மேல்சுரம்தான். கிட்டாரிலும் கேட்கலாம். ஒரு கம்பியை அழுத்தாமல், நாலாம் ஃப்ரெட்டுக்கு 4 மி.மீ. நட் பக்கமாக விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டுங்கள். கம்பி ஐந்து சமபாகமாகப் பிரிந்து இயற்கைக் காந்தாரம் உயரத்தில் ஒலிக்கும். இப்போது நாலாம் ஃப்ரெட்டை அழுத்தி வாசித்துப் பாருங்கள். ஸ்தாயி வித்தியாசத்தைத் தள்ளிவிட்டுக் கேட்டால், அழுத்திய காந்தாரம் ஒரு ஃப்ரெட்டில் ஏழில் ஒரு பங்கு கூடுதல். ஏழாம் ஃப்ரெட்டில் இதே சோதனை செய்தால் வித்தியாசம் அரை மி.மீ.தான்; பஞ்சமம் ஏறக்குறைய சுத்தம். 12 சமபடிக்கு நாம் கொடுக்கும் விலையைக் காந்தாரம்தான் கட்டுகிறது.

அந்த விலைக்குக் கிடைக்கும் பண்டம் இடமாற்றம். நெல்லைப் பக்கம் கோயில் கொடை என்றால் ஒரு ராத்திரி ஆர்க்கெஸ்ட்ரா கட்டாயம். மூன்றாவது பாட்டிலேயே பாடுபவருக்குத் தொண்டை கட்டும். “அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கிடுவமா?” என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்துவார். கிட்டார்க்காரர் கையை ஒரு ஃப்ரெட் கீழே நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கட்டை ஒன்றரைக் கட்டை ஆகிவிடும். ஆனால் இது நெக் முழுக்கத் தெரிந்தவருக்கு. திறந்த கம்பிகளை நம்பி வாசிப்பவருக்கு அந்த அரைக் கட்டை ஆபத்து. திறந்த கம்பி கையோடு கூடவே இறங்கி வராது. கம்பிகளைக் குறுக்கே இறுக்கிப் பிடிக்கும் கேப்போவை அவசரமாகத் தேடினாலும் பயனில்லை. கேப்போ சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது.

ஸ்கேல் தெரிந்ததனால் ராகம் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மோகனகல்யாணியின் படிகளை மேலே எழுதினேன். ராகம் அந்தப் படிகளுக்கு நடுவில் இருக்கிறது. வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பார்கள். அங்கே மெட்டுகள் உயரமாக, மெழுகுச் சட்டத்தின் மேல் நிற்பதால் இழுக்க இடமுண்டு. கிட்டாரில் ஃப்ரெட் தாழ்வு. கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் இழுப்பையும் சறுக்கலையும் கொண்டு இதைச் சமாளித்திருக்கிறார்கள். மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் தம் வாத்தியத்தையே மாற்றினார். இரட்டைக் கம்பிகளாக எட்டு இருந்ததை எடுத்துவிட்டு, ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்துக்கொண்டார். இரண்டு கம்பியைச் சேர்த்து இழுத்தால் சுருதி பிரிந்துவிடும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். கமகம் பிடிக்கவும் முதலில் இடம் தெரிய வேண்டும். ரியிலிருந்து கவுக்கு இழுக்கிறவருக்கு க எங்கே என்று காது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோகனகல்யாணியின் நாலு இடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐந்தாம் கம்பி 3, ஆறாம் கம்பி 8, நான்காம் கம்பி 10, மூன்றாம் கம்பி 5. மெட்ரோனோமை 60இல் வையுங்கள், அடிக்கு ஒரு சுரம். ஓர் இடத்தில் ஒரு தடவை ஏறி இறங்கியதும் வேறு இடத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் இரண்டாம் தடவை வேண்டாம். நடுநடுவே ஸ க ப, ரி ம த என்று ஆர்பெஜியோவைச் செருகுங்கள். வாய் சுரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். முதல் வாரம் அசிங்கமாகத்தான் இருக்கும், வீட்டில் யாராவது கேலி செய்வார்கள். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் உடனே நிறுத்துங்கள். மற்றபடி இருபது நிமிஷம் வாசித்துவிட்டுக் கிட்டாரைக் கீழே வைத்துத் தூங்கப் போங்கள்.